மாமன் மடியில் காமாலை ஊசி

மகளுக்குக் காது குத்த நாள் குறித்த அதே வாரத்தில், கோபிசெட்டிபாளையத்துக் குழந்தை மருத்துவர் ஒருவகை மஞ்சள் காமாலைக்குத் தடுப்பூசி வந்திருப்பதாகச் சொன்னார். அரசு போடும் ஊசிகளில் அது இல்லை. "வேணும்னா போட்டுக்கலாமுங்க" என்றார் அந்த அம்மாள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. நான் கோவையில் பத்திரிகை வேலையில் இருந்தேன். பிரசவத்துக்குப் போன மனைவி, குழந்தையோடு கோபி பக்கத்தில் தன் அண்ணனின் வாழைத்தோட்டத்து வீட்டிலேயே இருந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண் காமாலையில் படுத்து எழுந்ததை அருகிலிருந்து பார்த்தவள். ஊசியைப் போட்டே ஆக வேண்டும் என்றாள். ஆனால் அந்த வீட்டில் அண்ணனைக் கேட்காமல் கன்றுக்குட்டியைக்கூட இடம் மாற்றிக் கட்ட மாட்டார்கள்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "வேணும்னா போட்டுக்கலாம்னா, போடாட்டியும் ஒண்ணுமில்லைன்னு தான அம்மணி? கவர்மெண்ட்டே சும்மா இருக்குது."

அரசு நர்ஸ் வந்து போட்ட ஊசிகளுக்கு அவர் தடை சொன்னதில்லை. அந்த நாட்களில் அவர் வீட்டில் இருந்ததுமில்லை. தண்ணீர் பாய்ச்சப் போயிருப்பார்.

காதுகுத்துக்குத் தட்டு, பழம், புதுத்துணி என்று அவர் சீர்ச் சாமான்களை எடுத்து வைக்க, விசேஷத்துக்கு வந்திருந்த நானும் கூட உதவிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள்: "ஏனுங்ண்ணா, காது குத்தோணும்னு எந்த கவர்மெண்ட்டு சொல்லுச்சுங்க?"

"அது மொறை அம்மணி. மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும்."

"காதுக்கு மடி குடுப்பீங்க, காமாலைக்குக் குடுக்க மாட்டீங்களாக்கும்?"

சமையலறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஆப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, போடலாம்" என்றார் கடைசியில். "ஆனா என்ற மடியிலதான் போடோணும்."

காதுகுத்து முடிந்து, மறுவாரம் மருத்துவமனைக்குப் போனோம். அண்ணன் சலவை வேட்டியில் வந்தார். கையில் பழத்தட்டு, வெற்றிலை பாக்கு, குழந்தைக்கு இன்னொரு கவுன். வரிசையில் இருந்த தாய்மார்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மருத்துவர் தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

குழந்தையை மடியில் வைத்ததும் அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தண்ணீர் பாய்ச்சப் போன நாட்களின் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊசி இறங்கியது. மகள் வீறிட்டாள், பிறகு அவர் மீசையைக் கண்டுபிடித்து அழுகையை மறந்தாள். அவர் கண் திறக்கவில்லை.

"போட்டாச்சுங்களா?"

"அப்பவே போட்டாச்சுங்க" என்றார் மருத்துவர். "அடுத்த மாசம் ஒண்ணு இருக்குதுங்க."

"கூட்டிட்டு வந்தர்றனுங்க." எழுந்தவர், வேட்டியைச் சரிசெய்தபடி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்: "பெரியவிய இதப் போட்டுக்கறதுங்களா?"

"வேணும்னா போட்டுக்கலாமுங்க."

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். மனைவி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "போட்டுக்குங்ண்ணா. ஆரு மடின்னு மட்டும் சொல்லுங்க, தட்டு நான் கொண்டாறேன்."