ஆற்றோரத்து இருபது மரங்கள்

ஓர் இடத்தில் நஞ்சு தெளிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர், அதில் ஒரு துண்டை மட்டும் தொடாமல் விட்டால், அந்த இடத்துக்கு அவர் யார்? காஞ்சனாவின் வாழ்க்கையைப் பார்த்தபோது இந்தக் கேள்விதான் எழுந்தது. அவர் அதை ஒருபோதும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

புக்கிட் செலம்பாவ் பக்கம் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவருக்கு இருபத்தேழு வருடமாக மருந்தடிக்கும் வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, மருந்துப் பம்பை முதுகில் மாட்டி, வரிசை வரிசையாகக் களையைக் கருக வைக்க வேண்டும். நகங்கள் மஞ்சளாகி உரிந்தன. மூக்கில் ரத்தம் வந்தால் துடைத்துவிட்டு நடப்பார்.

தோட்டத்தின் எல்லையில் ஆறு. கரைப் புதரில் ஒரு காலத்தில் பாராவ் பாராவ் நிறைய இருந்தது. வைக்கோல் நிறத் தலையுள்ள பெரிய கொண்டைக்குருவி, ஜோடியாகப் பாடும். புதரின் பழத்தைத் தின்று விதையைக் கரையெங்கும் போடும். முளைத்த செடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள்ளேயே பறவை கூடு கட்டும். பாட்டுக்காக அதைப் பிடித்து விற்றவர்களில் காஞ்சனாவின் கணவர் தேவனும் ஒருவர். "ஒண்ணப் பிடிச்சுக் கூண்டுல வெச்சா போதும், ஜோடி தானா தேடி வந்துரும்" என்பார். நான்கே வருடத்தில் கரை ஊமையானது. பறவை வாங்கும் ஜித்ரா கடைக்காரர் இன்னும் கேட்டார்; கொடுக்க ஒன்றுமில்லை. தேவன் இறந்து ஆறு வருடமாகிறது.

போன மார்ச்சில், பசியாறும் நேரத்தில், ஆற்று வளைவில் இரண்டு குரல்கள் கேட்டன. காஞ்சனா கையில் ரொட்டியோடு அப்படியே இருந்தார். கூட வேலை செய்யும் சம்சியா சிரித்தார்.

"உன் வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் வலையோட ஓடியிருப்பாருலா."

"பேசாமத் தின்னு. வெளிய சொல்லித் தொலைக்காத."

அதன் பிறகு, ஆற்றோரக் கடைசி இருபது மரங்களுக்கு வந்ததும் பம்பை மூடிவிட்டுச் சும்மா நடந்தார். மூன்றாம் மாதம், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பழனியாண்டி கவனித்தார்.

"என்ன காஞ்சனா, ஆத்தோரம் காடா கெடக்கு?"

"மருந்து தீந்துருச்சு அண்ணே."

"மாசா மாசம் கரெக்டா அங்க வந்துதான் தீருமா?"

"நீங்க கலக்கிக் குடுக்கற அளவு அப்படி."

அவர் தலையில் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த ஆய்வாளர் சத்தியசீலன் ஒருநாள் காஞ்சனாவிடம் விசாரித்தார்.

"அக்கா, இங்க பாராவ் பாராவ் கேட்டிருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க. தோட்டத்துல பேசி ஆத்தோரத்த விட்டுறச் சொல்வோம். அறிவிப்புப் பலகையே வெச்சிருவோம்."

"பலகையா?"

"ஆமாக்கா. எல்லாருக்கும் தெரியணும்ல."

காஞ்சனா ஆற்றின் பக்கம் திரும்பவில்லை. "இல்ல தம்பி. இங்க ஒண்ணுமில்ல" என்றார்.

அது பொய். நல்ல பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பலகையைப் பறவை பிடிப்பவர்களும் படிப்பார்கள் என்பது உண்மை. இரண்டு பறவைகளால் ஓர் இனம் பிழைத்துவிடாது என்பதும் உண்மை. மற்ற ஆயிரக்கணக்கான மரங்களடியில் அவர் வழக்கம்போல் நஞ்சு தெளித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆண்டு இறுதியில் கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். இனி மருந்தைத் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பழனியாண்டி தானே பேசி நர்சரியில் இடம் வாங்கினார். நிழல், உட்கார்ந்தபடி பைகளில் மண் நிரப்பும் வேலை, அதே சம்பளம்.

"ஒன் வரிசைய காண்ட்ராக்ட் ஆளுங்க பாத்துக்குவாங்க. அவங்க தண்ணி வரைக்கும் அடிச்சிருவாங்க, ஒனக்கும் எனக்கும் ரோதனை இல்ல" என்றார்.

சம்சியா காஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போயிருலா. இருபத்தேழு வருஷம் போதும்."

திங்கட்கிழமைப் பெரட்டில் நர்சரி ஆட்களைக் கூப்பிட்டபோது காஞ்சனா நகரவில்லை. டாக்டரின் கடிதத்தை நான்காக மடித்துப் பழனியாண்டியிடமே திருப்பிக் கொடுத்தார். பம்பை மாட்டிக்கொண்டு ஆற்றோர வரிசையில் இறங்கினார்.