ஈரக் கழிவு

ஒரு சிரிப்புக் கதையை விளக்கிச் சொல்லி, அதை எழுதிய பெண்ணின் வேலையைப் போக்கினேன்.

எழுபதுகளில் உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலத்தோட்டப் பள்ளியில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். நான் தமிழ் எம்.ஏ. அந்த டீச்சர் என்னைவிட இளையவர். இருவரும் கதை எழுதினோம். ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்த என் கதைகள் மதுரைப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தன. அவருடையது அச்சில் வந்தது.

கதை இதுதான்: மழையில் ஏலக்காய் பறிக்கும் ஒருத்திக்குத் தோட்டத்திலேயே பிரசவம். குழந்தையைத் தராசில் வைக்கிறார்கள். நனைந்த காய்க்கு எடை குறைத்தே பழகிய கணக்கப்பிள்ளை, "பிள்ளை ஈரமா இருக்கு, ஒரு கிலோ கழிச்சுக்க" என்கிறார். தாய் கும்பிட்டு, "அந்த ஒரு கிலோவை யாரு சாமி வளக்குறது?" என்கிறாள்.

மறுவாரம் எடைபோடும் கொட்டகையில், கதையைக் கேட்டிருந்த பெண்கள் காய்க்கூடையைத் தராசில் வைக்கும்போதெல்லாம் ஒரே கூச்சல். "ஏட்டி, பிள்ளையைத் தொடச்சிட்டு வையி!" நிஜக் கணக்கப்பிள்ளை கழிவு சொல்லவே கூசினார். என் கண்ணீர் ஒருநாளும் அவரை அசைத்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மேனேஜர் மலையாளி, தமிழ் படிக்கத் தெரியாது. "எந்தா மாஷே, பொண்ணுங்க எதுக்குச் சிரிக்குது?" என்று கேட்டார். தெரியாது என்றிருக்கலாம். பங்களா வராந்தாவில் நின்று முழுக்கதையையும் மலையாளத்தில் சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் டீச்சருக்கே போகிறதே என்று பொறுக்கவில்லை. "சார், அது நம்ம தராசு" என்றேன்.

அந்த மாதமே டீச்சரை நிறுத்திவிட்டார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி மேனேஜரிடம் கெஞ்சினேன். "மாஷல்லே சொன்னது? நீங்கதானே?" என்று கதவைச் சாத்தினார்.

டீச்சர் மறையூரில் அக்காள் வீட்டில் இருந்தார். அவர்களுக்கு வெல்லம் காய்ச்சும் கொட்டகை. மறுவருடம் பஸ் ஏறிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். எந்த எடத்துல சிரிச்சாரு?"

"யாரு வளக்குறதுங்கிற எடத்துல."

"அப்ப நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. புதுசா ஒண்ணு எழுதியிருக்கேன். இவங்களுக்கு வாசிச்சுக் காட்டுறீங்களா?"

கொட்டகைப் பெண்கள் முன் நின்று வாசித்தேன். முதலாளிக்கு யாராவது கிச்சுக்கிச்சு மூட்டினால், ஏன் சிரிப்பு வருகிறது என்று பக்கத்தில் நின்று விளக்கும் ஒரு வாத்தியாரின் கதை. விளக்கி முடிப்பதற்குள் முதலாளி அழுதுவிடுகிறார்.

"சார் சொந்தக் கதை மாதிரில்லா படிக்கிறாரு!" என்றாள் ஒருத்தி. கொட்டகையே அதிர்ந்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மூன்றரை மணி பஸ்ஸைத் தவறவிட வேண்டாம் என்றார். அவருக்கு வேறெங்கும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. மலை ஏறும் பஸ்ஸில், வெட்கப்பட வேண்டிய நேரத்திலும், அந்த வாத்தியாரை நான் எழுதியிருக்கக் கூடாதா என்றுதான் பொருமிக்கொண்டிருந்தேன்.