வெண்கட்டிக் கதிரைகள்

மாம்புரியில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில், படம் பார்ப்பதற்கென்றே தனியாக ஓர் அறை அமைக்கிறார்கள் என்று வயர் இழுக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் தொப்பி போட்ட ஒல்லியான மனிதர். எந்நேரமும் வெண்கட்டித் துண்டொன்றை வைத்திருந்ததில் அவருடைய சேட்டுப் பை வெளிறிப் போயிருந்தது. ஜன்னலில்லாத அந்த அறையின் சீமெந்துத் தரையில், கதிரைகள் வரவேண்டிய இடங்களை அவரே வெண்கட்டியால் கதிரை கதிரையாக வரைந்திருந்தார். யாரோ அமர்ந்திருப்பது போல, முழங்கால்களில் இடிபடாமல் ஒதுங்கி ஒதுங்கித்தான் அவற்றுக்கிடையே நடப்பார்.

ஒரு கதிரை மட்டும் திரை வரவேண்டிய சுவருக்கு முதுகைக் காட்டியபடி, மற்றக் கதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நாநா, இத மாறிக் கீறிட்டீங்க போல," என்றேன்.

"இல்ல தம்பி. அது எனக்கு."

"அதுல இருந்தா படம் தெரியாதே."

"படமெல்லாம் கட்டார்ல வேல செஞ்ச காலம் நெறயப் பாத்துட்டேன், ரூம்ல தனிய இருந்து. புள்ளைகள் படம் பாத்துச் சிரிக்கிற நேரம் அவங்கட மொகம் எப்பிடி இருக்கும்? அத நான் பாத்ததே இல்ல."

பிறகு, "இரிங்களேன், பாப்பம்," என்றார்.

சுவரைப் பார்த்திருந்த ஒரு கதிரையின் கோடுகளுக்குள் நான் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். அவர் கதவைச் சாத்தினார். தென்னோலைகளின் சத்தமும் கடலின் சத்தமும் வெளியே நின்றுவிட்டன. ஒற்றை பல்பு வெளிச்சத்தில், அவர் தன்னுடைய கதிரைக்குள் போய் அமர்ந்தார். நான் வெறுஞ்சுவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அப்போதுதான் நான் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அந்தச் சுவரில் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.