படகுக்காரன் பெண்டாட்டிக்குச் சொன்ன தீர்ப்பு

குடும்பத்தில் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். வைத்தது அவள் கணவர். பஸ் ஓட்டுகிறவர், வாய் கொஞ்சம் நீளம். வேறு ஒருத்தியாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு உள்ளூரப் பெருமைதான். சலவைக்கடையின் பின்கட்டில் நாள் முழுக்க நின்றபடி ஊரார் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவளை வேறு யார் ஜட்ஜ் என்று கூப்பிடப் போகிறார்கள்?

அவள் தீர்ப்புச் சொல்வதெல்லாம் கண்காணாத தேசத்து ஆட்களுக்கு. வெளிநாட்டுத் தொடர்கள், வெளிநாட்டுப் படங்கள். இஸ்திரி மேசைக்கு எதிரே, கஞ்சித் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் காலையிலிருந்து யாராவது ஒருத்தர் புரியாத மொழியில் அழுதுகொண்டிருப்பார். இல்லையென்றால் அழாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே எழுத்து ஓடும். கடை முதலாளிக்கு ஆட்சேபணை கிடையாது. இதுவரை ஒரு துணியும் கருகவில்லை என்பதோடு அவர் கவலை முடிந்தது.

கொலை, துப்பு, வெடிகுண்டு வகையறா அவளுக்கு ஆகாது. "யார் கொன்னா எனக்கென்ன, செத்தவன் எழுந்து வரப்போறானா" என்பாள். அவளுக்கு வேண்டியது ஆட்கள். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பேசாமல் சாப்பிட்டு முடித்து எழுந்து போகிற காட்சி என்றால் உயிரை விடுவாள். டப்பிங் வேப்பங்காய். "அதுல மாமியாரும் மருமகளும் ஒரே தொண்டையில பேசறாங்க, சகிக்கலை."

அவள் அபிப்பிராயங்கள் ஒரு தனி தினுசு. மழை ஓயாத ஒரு ஊரின் இன்ஸ்பெக்டரை எல்லோரும் ஆகா ஓகோ என்று கொண்டாடியபோது, "முழுத் தொடரும் முடிஞ்சாச்சு, அந்த ஆள் ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்க்கலை. பசியே எடுக்காதவனை என்னன்னு நம்பறது" என்றாள். சொத்துக்கு அடித்துக்கொள்ளும் பணக்காரக் குடும்பத்தின் கதை ஒன்று வந்தது. அதில் மூத்த மகளைத் திட்டாதவர் பாக்கியில்லை. இவள் மட்டும், "அப்பன் ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் அந்தப் பொண்ணு தோளைக் குறுக்கிக்குது, கவனிச்சீங்களா? அது பேராசை இல்லை, பயம்" என்றாள். கடைசிப் பாகத்தில் விஷயம் அதேதான் என்று வெளிவந்தது. அதிலிருந்து குடும்பத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

மதியச் சாப்பாட்டு வேளையில் குடும்பத்து வாட்ஸப் குழுவில் ஒரு வாய்ஸ் போடுவாள். அதுதான் தீர்ப்பு. தொடர் முடியட்டும் என்று காத்திருக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பாதியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி. சொன்னதை ஒருநாளும் மாற்றியதுமில்லை.

அவள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. சட்டையின் முதுகு, கை இதெல்லாம் பார்க்காமலே தேய்த்துவிடலாம், கைப்பழக்கம். காலர், மணிக்கட்டுப் பட்டை, மடிப்புப் பாவாடை என்று வந்தால் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். குனிந்த நேரத்தில் ஓடிய எழுத்து போனது போனதுதான். அதற்காகப் பின்னால் ஓட்டிப் பார்க்கிற ஆள் இல்லை அவள். "மூஞ்சியும் குரலும் போதாதா?" என்பாள்.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தது நாத்தனார். கணவரின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் குட்டி. நாற்பதைத் தாண்டியும் குட்டிதான். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். அவள் கணவர் எலக்ட்ரீஷியன், ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆகிவிட்டவர். பள்ளி விட்டால் வீடு, வீட்டை விட்டால் பள்ளி என்று ஆன பிறகு குட்டி இந்தத் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள், "அண்ணி, இதைப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒன்றை அனுப்பினாள். அப்படித் தொற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் போனில் உட்கார்ந்தால் பஸ் டிரைவர் தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். அண்ணி நாத்தனார் என்றால் ஊரில் சொல்கிற கதையெல்லாம் இவர்களிடம் செல்லுபடியாகாது. கூடப்பிறந்த தம்பிகளைவிட ஜட்ஜம்மாவுக்குக் குட்டி ஒரு படி மேல். அதை வெளிப்படையாகவே சொல்லுவாள், தம்பிகளிடமே.

அப்போதுதான் அந்தப் படகுக்காரன் தொடர் வந்தது. குளிர்க் கடலில் ஒரு சின்னத் தீவு. அக்கரைக்கு ஆளேற்றிப் போகும் படகின் மெக்கானிக் நோயில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறான். அவன் பெண்டாட்டி வாய் பேசாத ரகம். ஆறாம் பாகத்தில் ஒரு காலை, ஒரே ஒரு பெட்டியோடு படகேறிப் போய்விடுகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜட்ஜம்மாவுக்கு வந்ததே கோபம். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் வாய்ஸ் போட்டாள்.

"கல்நெஞ்சக்காரி. கட்டினவன் படுக்கையில கிடக்கறான், இவ தலையை வாரிக்கிட்டுப் படகேறிப் போறா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. இவளுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும், பின்னால காட்டுவாங்கன்னு யாரும் எங்கிட்ட வராதீங்க. கஷ்டம் யாருக்கில்லை? நம்ம குட்டியைப் பாருங்க. அவளும் பொம்பளைதானே? ஒரு நாள் மூஞ்சி சுளிச்சிருப்பாளா? மனுஷின்னா அவ மனுஷி. இந்தப் படகுக்காரன் பொண்டாட்டி மட்டும் என் சொந்தமா இருந்தா இந்த ஜென்மத்துக்குப் பேச்சு வார்த்தை கிடையாது."

தம்பிகள் கைதட்டல் போட்டார்கள். தம்பி பெண்டாட்டி ஒருத்தி கண்ணில் நீர் வழியும் பொம்மை போட்டாள். குட்டி ஒரு கட்டைவிரலை மட்டும் உயர்த்திவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் இளைத்துக்கொண்டே போனது. தலைவலி அண்ணி, பரீட்சை வேலை அண்ணி, அப்புறம் கூப்பிடறேன் அண்ணி. ஜட்ஜம்மா சந்தேகமே படவில்லை. பாவம், அந்த மனுஷனைப் பார்த்துக்கொள்வதிலேயே ஓய்ந்துபோகிறாள் என்று கடையில் கவுண்டர் பெண்ணிடம் உச்சுக் கொட்டினாள். இருந்தாலும் ஞாயிறு மத்தியானம் வீடு வெறிச்சென்று இருந்தது. தொடர் பார்த்தால் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வதில் ஒரு ருசியும் இல்லை.

ஒருநாள் காலை, ஷூவை மாட்டிக்கொண்டே கணவர் வாயை விட்டார். "சாயந்தரம் வர லேட்டாகும். குட்டி ரூமுக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுக்கணும்."

"எந்த ரூமுக்கு?"

அவர் ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மழுப்பிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் சொன்னார். குட்டி வீட்டை விட்டு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தனி ரூம். மாப்பிள்ளையை அவருடைய அண்ணன் வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள், கூட ஒரு ஆளையும் போட்டிருக்கிறது. தம்பிகளுக்கும் தெரியும்.

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் இந்த வீட்டுல யாரு?"

"நீதான் முன்னாடியே தீர்ப்பு சொல்லிட்டியே."

"என்ன தீர்ப்பு?"

"அந்தப் படகுக்காரன் பொண்டாட்டிக்கு."

அவர் மற்ற ஷூவை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். ஜட்ஜம்மா முதலாளிக்குப் போன் செய்து, தனக்கு உடம்பு சரியில்லை என்றாள். பொய்யுமில்லை. கோபம் எல்லோர் மேலும் வந்தது, குட்டி மேல் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. இத்தனை வருஷம் உறவாடியவளுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? கத்திவிட்டு ஆறிவிடலாம் என்றால் வீட்டில் கேட்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் அந்த ஆறாம் பாகத்தை எடுத்துப் பார்க்க உட்கார்ந்தாள். தான் எதைப் பார்த்து அப்படிச் சொன்னோம் என்று தெரிய வேண்டாமா?

வேலையில்லாத கையை வைத்துக்கொண்டு தொடர் பார்ப்பது அவளுக்குப் புதுசு. கையை மடியில் வைத்தாள், எடுத்தாள். பெண்டாட்டி துணி மடிக்கும் காட்சி வந்தது. அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். மூச்சு விடுகிற மாதிரி ஏதோ முணுமுணுக்கிறான். அன்றைக்கு அதை முனகல் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது கீழே எழுத்து ஓடியது. 'நாளைப் படகில் போய்விடு. நீ இருந்தால் உன்னை வெறுக்க ஆரம்பித்துவிடுவேன்.'

பின்னால் ஓட்டி மறுபடியும் பார்த்தாள். எழுத்து மாறவில்லை. அந்த வாரம் ஒரு ஹோட்டலிலிருந்து சர்வர்களின் வெள்ளைச் சட்டை மூட்டை மூட்டையாக வந்திருந்தது. அத்தனையும் காலர். அந்த நேரத்தில் அவள் தலை எங்கே இருந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம்.

முதலில் வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது கரைந்து, மனசு லேசாகிவிட்டது. அப்பாடா, தீர்ப்புதான் தப்பு, திருத்திவிட்டால் போயிற்று. அந்தப் பெண் தானாகப் போகவில்லை, போகச் சொன்னதால் போனாள். மாப்பிள்ளையும் ரோஷக்காரர், அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். குட்டி அதை வெளியில் சொல்லக் கூசிக்கொண்டு தவித்திருக்கிறாள். எல்லாம் சரியாகப் பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பேனா, பென்சில் விற்கிற கடைக்கு மேலே ரூம். வெளிப்பக்கமாக இரும்புப் படி. உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அடுப்பு. ஃபேன் இன்னும் பெட்டியிலேயே இருந்தது. கதவைத் திறந்த குட்டி சிரிக்கவில்லை. "வாங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி, நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

ஜட்ஜம்மா மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. "நான் தப்பாச் சொல்லிட்டேன் குட்டி. அந்தப் படகுக்காரன்தான் அவளைப் போகச் சொல்லியிருக்கான். காலர் போட்டுக்கிட்டிருந்தேன், எழுத்து ஓடினதைப் பார்க்கலை. அவ மேல ஒரு தப்பும் இல்லை. குரூப்ல திருத்தி வாய்ஸ் போட்டுடறேன். உன் வீட்டுக்காரரும் போகச் சொன்னார்னு நீ வாயைத் திறந்து எங்கிட்ட சொல்லியிருந்தா..."

"அவர் போகச் சொல்லலை அண்ணி."

கீழே கடையின் ஷட்டரை யாரோ பாதிவரை இறக்கினார்கள்.

"போகாதேன்னுதான் சொன்னார். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நானாத்தான் வந்தேன்."

அழுத மனுஷனை விட்டுவிட்டா வந்தாய் என்ற கேள்வி ஜட்ஜம்மாவுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. அதை வெளியே விட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்றும் அவளுக்குத் தெரிந்தது. விழுங்கினாள். விழுங்குவது சுலபமாக இல்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட சொல்லத்தான் அன்னிக்குக் கிளம்பினேன். உங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்னு. கடைக்கு வர பஸ்ல உக்காந்து உங்க வாய்ஸைக் கேட்டேன். 'நம்ம குட்டியைப் பாருங்க'ன்னு சொன்னீங்களே, அங்கே எழுந்து இறங்கிட்டேன். எந்த ஸ்டாப்னுகூட தெரியாது." குட்டி கட்டிலில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். "அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அண்ணிகிட்ட இப்ப வேணாம், அவளுக்குப் புரியாதுன்னு அண்ணன்தான் சொன்னார்."

இது ஜட்ஜம்மாவுக்கு வலித்தது. முன்னால் கேட்டதெல்லாம் சேர்ந்தாலும் இந்த அளவுக்கு வலித்திருக்காது. எந்த தேசத்துப் பெண்ணோ தோளைக் குறுக்கினால் அவளுக்குப் புரியும். கூடவே குடித்தனம் நடத்துகிற மனுஷன், தன் தங்கை விஷயம் இவளுக்குப் புரியாது என்று நினைத்திருக்கிறார். அவர் நினைத்தது தப்பு என்று சொல்ல அவளிடம் ஒரு ஆதாரமும் இல்லை.

"இப்ப சொல்லுங்க அண்ணி. நான் செஞ்சது தப்பா?"

வீம்புக்குக் கேட்ட மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எத்தனையோ தொடருக்குக் கேட்ட அதே குரல்.

"தெரியலை குட்டி" என்றாள் ஜட்ஜம்மா. "நீ முதல்லேருந்து சொல்லு."

குட்டி துணியைக் கீழே வைத்தாள்.

"முதல் தடவை அவர் எறிஞ்சது தண்ணி டம்ளர் அண்ணி. என் மேல படலை. படலையேன்னுதான் யார்கிட்டயும் சொல்லாம விட்டுட்டேன்."