தேரிக்குப் போக அனுமதி

விடுமுறை நாளில் போய் இருட்டுவதற்குள் திரும்பும் பயணத்துக்கு மேலதிகாரியின் அனுமதி தேவையில்லை. அதுதான் விதி. சர்க்கார் விதிகளை வைத்தே பிழைத்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன்.

சான் பிரான்சிஸ்கோவில் என் மகனோ சனிக்கிழமை மணல்மேடு பார்க்கக் கிளம்புவதற்கும் மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தான்.

"நீங்க வெயிட் பண்ணுங்க, நாங்க போறோம்" என்று மருமகள் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டாள். மாலையில் பேத்தி ஷூவைக் கவிழ்த்ததும் கார்ப்பெட்டில் மணல் சரசரத்தது.

சின்ன வயதில் தூத்துக்குடி வீட்டு முற்றத்தில் கேட்ட அதே சத்தம். அங்கே அப்பா சர்க்கார் குமாஸ்தா. விடுமுறை நாளான பங்குனி உத்திரத்தன்று தேரிக்காட்டுச் சாஸ்தாவைக் கும்பிடப் போகவும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருந்தார். பதில் வரவில்லை.

"ஒங்க ஆபீசருக்காவ சாஸ்தா காத்துக்கிட்டு இருப்பாராக்கும்?" என்று அம்மா எங்களை வண்டியில் ஏற்றினாள். அந்தச் செம்மணல் குன்றுகளில், கால் பொசுங்காமலிருக்கப் பனையோலையைப் போட்டுப் போட்டு ஏறினோம்.

திரும்பி வந்து அம்மா சேலையை உதறினாள். அப்பா முதலில் தெருவை எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ்காரங்க யாரும் பாத்தாங்களாட்டீ?"

"சாஸ்தா பாத்தாரு. நீங்க வரலைங்கறதையும் பாத்தாரு."

அப்பாவுக்கு அனுமதி சித்திரை மூன்றாம் தேதி வந்தது. அதைப் பத்திரமாகக் கோப்பில் சேர்த்தார். 'தாராளமாகப் போய் வாருங்கள்' என்று மகனுக்குப் பதில் வந்தது திங்கட்கிழமை.