பால் பொங்கியதும் அணைந்த அடுப்பு

என் கணவர் யோகேஸ்வரன் காஸ் இணைப்புப் பொருத்துபவர். படகில் வந்து, தற்காலிக விசாவில் வருடக்கணக்காகக் கிடந்து, கோழித் தொழிற்சாலையில் வேலை செய்தபடியே படித்து அந்த லைசென்ஸை எடுத்தார். மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் எத்தனையோ தமிழ்க் குசினிகளில் அடுப்பு எரிவது அவர் கொடுத்த இணைப்பில்தான். அதில் மனிசனுக்குப் பெருமை கொஞ்சம் கூட.

அந்தப் பெருமைக்குத்தான் கேடு வந்தது. கடலடியிலிருந்து வரும் காஸ் குறைந்துகொண்டு போகிறதாம். எங்கள் பக்கத்தில் எழும்பும் புதுவீடுகளில் காஸ் குழாயே இல்லை. கூரையில் சோலார், குசினியில் கரண்ட் அடுப்பு. வேலை பாதியாகக் குறைந்தது. முதலாளி யதுஷன் நல்ல பிள்ளை. கரண்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட் பம்ப் பூட்டப் பழகச் சொல்லி அவன் கெஞ்சாத நாள் இல்லை. இவர் அசைந்தால்தானே! நெருப்பில்லாத குசினியில் எங்கள் சனம் சமைக்காது, பாரும், எல்லாரும் திரும்பி வருவினம் என்று பிடித்த பிடியில் நின்றார். நான் ஒருத்தி இரட்டை ஷிஃப்ட் செய்து வீடு ஓடியது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அப்படியிருக்க, அவருடைய தங்கச்சி லக்சிகா பொயிண்ட் குக் என்ற இடத்தில் கட்டிய வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகும் நாள் வந்தது. முழுக்க முழுக்கக் கரண்ட் வீடு. பித்தளைப் பானை அந்தக் கண்ணாடி அடுப்பில் சூடாகாது என்று புதுச் சில்வர் பானை வாங்கியிருந்தாள். இவர் முகத்தை நீட்டிக்கொண்டுதான் வந்தார்.

பால் நுரைத்து எழும்பி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. கும்பிட்ட கையை யாரும் இன்னும் இறக்கவில்லை, அதற்குள் அடுப்பு கீச் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. இனித்தான் பொங்கலுக்கு அரிசி போட வேண்டும். முதல் நாளே அணைந்துவிட்டதே என்று வந்திருந்த சனத்துக்குள் நின்ற சந்திரவதனா அன்ரி வாய்விட்டுச் சொன்னார். லக்சிகாவின் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, வெளியில நிக்கிற வேலை வானுக்குள்ள உங்கட காஸ் அடுப்பு இருக்குதெல்லே?"

எல்லாரும் இவரைத்தான் பார்த்தார்கள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே மனிசன் இவ்வளவு நாள் காத்திருந்தார்! வானைத் திறக்கும் திறப்பைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். திறப்பைத் திரும்பப் பொக்கற்றில் போட்டார். துணி கேட்டு வாங்கி, பானையைத் தூக்கி, கண்ணாடியைத் துடைத்து, சுவிட்சைத் தொட்டார். அடுப்பு மறுபடி வேலை செய்தது.

"பயப்பிடாத பிள்ளை. மேல பால் ஊத்துப்பட்டா அது தானா நிக்கும், அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள். பழைய காஸ் அடுப்பெண்டா நெருப்பு அணைஞ்சாலும் காஸ் வந்துகொண்டே இருக்கும். உனக்கு இதுதான் நல்லது."

அரிசி போட்டார்கள். அன்ரி விடவில்லை. அப்ப உம்மட தொழில் என்ன ஆகிறது தம்பி என்று கேட்டார்.

"அது முடிஞ்சுது அன்ரி. யதுஷனிட்டப் போய் மற்றதைப் பழகப்போறன்."

வீட்டில் நான் மண்டையை உடைத்தும் வராத சொல், ஊர் முழுக்க நிற்கும் குசினியில் வந்தது. முதலில் எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கோபம்தான் வந்தது. துணியைப் பிழிகிற சாட்டில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்குவது தெரிந்தது. ஒருவரும் பார்க்காதபடி நான் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.