வெறும் வயிறும் நாலு மாடியும்

வந்தவரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டே ஊசி குத்துகிற தொழில் என்னுடையது. விபோர்க் என்ற டேனிஷ் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலவறை ஆய்வுகூடத்தில் இருபது வருடமாக இரத்தம் எடுக்கிறேன். சுகந்தி என்றால் ஒருவருக்கும் தெரியாது, "ரத்தம் எடுக்கிற பிள்ளை" என்றால் பக்கத்து ஊர் ஸ்கீவ வரைக்கும் தெரியும். ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறவர் நீங்கள் என்றால் நாம் ஒரே கட்சி. என் கையில் யாராவது குத்த வந்தால் நானும் சுவரைத்தான் பார்க்கிறேன்.

காறல்

போன வருடம் எங்களிடம் ஓர் ஆராய்ச்சி வந்து சேர்ந்தது. பிறந்த பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தம், வயதானவர்களின் இரத்தம், பன்னிரண்டு கிழமை உடற்பயிற்சி செய்த வயதானவர்களின் இரத்தம். மூன்றிலும் கொழுப்பு எப்படி இருக்கிறது, ஒட்சிசன் அதை எவ்வளவு பழுதாக்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒட்சியேற்ற அழுத்தம் என்று இதற்குப் பெயர். எங்களுடைய ஆட்களுக்கு விளங்கப்படுத்துகிற வேலையை என் தலையில் கட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ் மண்டபத்தில் கதைத்தேன். திறந்து வைத்த தேங்காய் எண்ணெய் கெட்டுக் காறிப்போகிற மாதிரி உடம்புக் கொழுப்பும் நாங்கள் இழுக்கிற ஒட்சிசனாலேயே மெல்ல மெல்லக் காறுகிறது, உடம்பு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது, வயது போகப் போகத் தடுக்கிற கை சோர்ந்துவிடுகிறது என்று சொன்னேன். முன்வரிசையில் நவரத்தினம் அண்ணை இருந்தார். ஸ்கீவக்காரர், வயது அறுபத்தெட்டு. இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்று ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்திக் கேட்டார்: "அப்ப மூச்சு விடாமல் இருந்தால் காறாதோ, பிள்ளை?"

ஒரு தேத்தண்ணி

பயிற்சிக்கு முதலில் பெயர் கொடுத்ததும் அவர்தான். முதல் இரத்தத்துக்கு "சாப்பிடாமல் வாங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டேன். குழாயை இயந்திரத்தில் சுழற்றி எடுத்தால் மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்கவேண்டும். அவருடையது கஞ்சித் தண்ணி மாதிரி மங்கிக் கிடந்தது. கேட்டால், ஒன்றுமே சாப்பிடவில்லை, ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்தேன் என்றார். மூன்று கரண்டி பால்மா போட்ட தேத்தண்ணி. அதற்குள் தோய்த்த நாலு பிஸ்கட் தேத்தண்ணியோடு சேர்ந்ததாம்.

பிழை என்னுடையது. டேனிஷ் தாளில் தண்ணீர் மட்டும் என்று தெளிவாக இருந்தது. அதைச் சாப்பிடாமல் என்று சுருக்கிச் சொன்னவள் நான். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி எந்தக் காலத்தில் சாப்பாடாக இருந்தது? நாளைக்குத் தண்ணீரோடு மட்டும் வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெறுந் தண்ணியோட ஒரு மனுசன் ஸ்கீவயில இருந்து பஸ் ஏறி வாறதோ?"

இரண்டாம் மாடிக் கதிரை

மறுநாள் வெறுந் தண்ணியோடு வந்தார். குழாயும் தெளிந்தது. கையில் பட்டியைக் கட்டும்போது, இந்தக் குளிரில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். ஒரே மகள் நிரோஷா, இங்கே விபோர்க்கில் இருக்கிறாள், பிள்ளைத்தாச்சி. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இவருக்கு இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கும். அங்கே குடியிருக்கிற டேனிஷ்காரி இவருக்காகவே கதவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறாள்.

நீ வேலைக்குத் திரும்பும்போது பிள்ளையை நான் பார்க்கிறேன் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அவள் வழக்கம்போல டேனிஷில்தான் பதில் சொன்னாளாம். நீங்கள் நடுவில் கதிரையில் இருக்கிறீர்கள் அப்பா, பிள்ளையை யார் மேலே கொண்டுவருவது? அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் என் விரலுக்குக் கீழே அவருடைய கை விறைத்திருந்தது. காலையில் எழும்ப ஒரு காரணம் தேடுகிற மனிதர் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொழுப்பு எவ்வளவு, எது கூட, எது குறைய என்று நான் ஏதோ கதையை மாற்றப் பார்த்தேன். அவர் விடவில்லை. "எனக்கு உங்கட கொழுப்பு நம்பர் தேவையில்லை, பிள்ளை. அந்தக் கதிரையை எடுக்கவேணும்."

பை

கிழமைக்கு மூன்று நாள், நின்ற இடத்தில் நிற்கிற சைக்கிள். ஐந்தாம் கிழமை ஒரு பையோடு வந்தார். மஞ்சள் தூள் அடைத்த குளிசை, நெல்லிக்காய்த் தூள், முருங்கையிலைத் தூள், விற்றமின் ஈ. செய்தி பரவி ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி முடியும்வரை இது ஒன்றும் கூடாது என்றேன். ஒவ்வொரு தரம் சைக்கிள் மிதிக்கும்போதும் உடம்புக்குள் கொஞ்சம் காறல் கூடும், அதைத் தாங்கித் தாங்கித்தான் உடம்பு பழகும். வெளியில் இருந்து குளிசை கொடுத்தால் அது பழகாமல் சோம்பலாக இருந்துவிடலாம் என்று எங்கள் டொக்டர்மாருக்குச் சந்தேகம்.

அவர் மறுபேச்சில்லாமல் பையைக் கட்டினார். இதில் பெரிய போத்தல் யார் தந்தது என்று கேட்டேன். "டோஸ்ட்ருப்பில இருக்கிற மச்சாள். இதைக் குடிச்சால் சைக்கிள் ஓடத் தேவையில்லையெண்டும் சொன்னவா."

முதல் மூச்சு

பிரசவ விடுதி நாலாம் மாடியில். தொப்புள்கொடிக் குழாய்கள் அங்கிருந்து ஐஸ் பெட்டியில் கீழே வரும். பெயர் இருக்காது, இலக்கம் மட்டும். பிறந்த பிள்ளையின் இரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைவு. ஆனால் வயிற்றுக்குள் கொஞ்ச ஒட்சிசனோடு இருந்த பிள்ளை ஒரே மூச்சில் இவ்வளவு காற்றுக்குள் வந்து விழுகிறது. உடம்புக்கு முதல் சோதனை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பெட்டி கொண்டுவந்த மருத்துவிச்சி லோனவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். ஆயிரம் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள். கையுறையைக் கழற்றிக்கொண்டே டேனிஷில் சொன்னாள்: "பிறகென்ன, அதுதான் வந்ததும் அழுகிறார்கள்."

கடைசிக் கேள்வி

பன்னிரண்டு கிழமையும் முடிந்தது. கடைசி இரத்தத்தை மூன்று நாளுக்குள் எடுக்கவேண்டும். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு நவரத்தினம் அண்ணை வெறுந் தண்ணியோடு வந்து வெளியே இருந்தார். மகள் நோவோடு நாலாம் மாடியில். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அரை மணி கழித்து அவரைக் கூப்பிட்டபோது முகம் சிவந்து, சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

ஊசியைப் பிரித்து வைத்துவிட்டுத் தாளில் உள்ள கேள்விகளைக் கேட்டேன். சாப்பாடு இல்லை. தேத்தண்ணி இல்லவே இல்லை. நேற்றிலிருந்து உடம்பை வருத்தி ஏதாவது செய்தீர்களா? எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார். "மருமகன் போன் எடுத்தவர். பெம்பிளைப் பிள்ளையாம். லிஃப்ட் வரேல்லை, படியால ஓடினனான். கதவடியில நிண்டு எட்டிப் பாத்திட்டு, இரத்தம் குடுக்கத் திரும்பி வந்தனான்." நாலு மாடி, நிலவறையோடு சேர்த்தால் ஐந்து.

அப்படி ஓடி வந்த இரத்தத்தில் நாங்கள் அளக்கிற எல்லாமே மாறியிருக்கும். இல்லை என்று எழுதினால் ஒருவருக்கும் தெரியாது. முப்பத்தாறு நாள் சைக்கிள் மிதித்த மனிதர் முன்னால் இருக்கிறார். பேனா கன நேரம் அந்தக் கட்டத்துக்கு மேலேயே நின்றது. கடைசியில் ஆம் என்று எழுதிவிட்டு ஊசியைக் குப்பையில் போட்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. இன்று எடுக்க முடியாது, இனி எடுக்கவும் நாள் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். அவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். "அப்ப பன்னிரண்டு கிழமையும் சும்மா போச்சோ, பிள்ளை?"

நாலாம் மாடி

பிள்ளையைப் பார்க்கிற சாட்டில் அவரோடு மேலே போனேன், லிஃப்டில்தான். நிரோஷா களைத்துப்போய்க் கிடந்தாள், பிள்ளை அவள் நெஞ்சில். அப்பாவின் இரத்தம் ஏன் எடுபடவில்லை என்று நான் டேனிஷில் சொன்னேன். படியால் ஓடியதால் கணக்குக் கெட்டுப்போனது என்று.

அவள் தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். பிள்ளையை மெல்லத் தூக்கி அவருடைய கையில் வைத்தாள். பிறகு தடுக்கித் தடுக்கித் தமிழில் கேட்டாள், "நாலு மாடியும் படியாலயோ? நடுவில எந்தக் கதிரையில இருந்தனீங்கள்?" அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இருக்க மறந்துபோனன்."

எங்கள் அட்டவணையில் நவரத்தினம் அண்ணையின் கடைசிக் கட்டம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கிறது, இரண்டாம் மாடிக் கதிரையில் இப்போது அந்த டேனிஷ்காரி ஒரு பூச்சாடி வைத்திருக்கிறாளாம்.